நத்தத்து மண்

சுவிட்ச் இருந்த இடத்தில் சுவிட்ச் இல்லை.

இரவு ஷிப்ட் முடிந்து, கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கி, காலை ஏழே கால் மணிக்கு வாசலில் குனிந்து உள்ளே நுழைந்த இசக்கிசெல்வி, விளக்கைப் போட வலப்பக்கச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கையை இறக்கினாள். வெறும் சுவர்தான் தட்டுப்பட்டது. ஈரமாக, சில்லென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் கீழே தடவிய பிறகுதான் சுவிட்சுப் பெட்டி கிடைத்தது. இரண்டு விரற்கடை கீழே. எட்டு மணி நேரம் நின்றபடி ஒயர்களைச் சோதித்துவிட்டு வருகிற உடம்பில் கையும் காலும் சொன்ன பேச்சு கேட்காது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு விளக்கைப் போட்டாள்.

முழங்கால் உயரத்தில் யாராவது சுவிட்ச் வைப்பார்களா என்று கேட்கலாம். யாரும் வைக்கவில்லை. பதினேழு வருடத்துக்கு முன்னால், ஒரகடத்திலிருந்து உள்ளே தள்ளி இந்த மனையை வாங்கி வீடு கட்டியபோது சுவிட்ச் நெஞ்சுக்கு நேராக இருந்தது, கூரை பத்தடி உயரத்தில் இருந்தது. பிறகு தெருவுக்குச் சாலை போட்டார்கள். பழைய தாரைச் சுரண்டுகிற பழக்கம் யாருக்கும் இல்லை, அதன் தலையிலேயே புதுத் தாரை ஊற்றினார்கள். சாலை ஏற ஏற வீடு பள்ளமானது. மழை வந்தால் தெருத் தண்ணீர் மொத்தமும் நலம் விசாரிக்க உள்ளே வந்தது. அதற்கு அவள் புருஷன் நம்பிராஜன் கண்ட வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். உள்ளே ஓரடி மண்ணடித்து, மேலே புதுத் தரை போடுவது. இப்படி மூன்று முறை. பத்தடி ஏழடியானது. மின்விசிறியைக் கழற்றிப் பரணில் போட்டார்கள், பிறகு பரணையும் இடித்தார்கள். வாசல் நிலையைப் பெயர்த்துப் பெயர்த்து மேலே ஏற்றியும் ஐந்தடிக்கு மேல் தேறவில்லை. “நம்ம வீட்டுக்குக் கலெக்டரே வந்தாலும் தல குனிஞ்சுதான் வரணும்” என்று நம்பிராஜன் பெருமையாகச் சொல்லுவார்.

போன ஆனி மாதம் மூன்றாம் முறை மண்ணடிப்பதற்கு முன்னால் வீட்டில் பெரிய சண்டை நடந்தது. இசக்கிசெல்வி தண்டலத்தில் ஒரு வாடகை வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். மூன்றாவது மாடி. அந்தக் கூடத்தில் நிமிர்ந்து நின்று கையைத் தூக்கிப் பார்த்தாள், விரல் கூரையில் படவில்லை. வீட்டுக்காரம்மா பக்கத்தில் நிற்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இத விட்டுட்டு அங்க போயிருவோம்ங்க. பிள்ளைக்கும் காலேஜ் பக்கம்” என்றாள்.

“விட்டுட்டா? எலி வளையானாலும் தனி வளை வேணும்ட்டி. இன்னும் ஒரே ஒரு தடவ மண்ணடிச்சுக்கிடுவோம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுனா பூஜா கல்யாணம் வரைக்கும் ஓடிரும்.”

அட்ஜஸ்ட் என்பது நம்பிராஜனுக்குக் குலதெய்வம் மாதிரி. பதினெட்டு வயதில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, ஓர் அறையில் ஒன்பது பேராகப் படுத்து, ஒருத்தன் ஷிப்டுக்குக் கிளம்பினால் அவன் பாயில் இன்னொருத்தன் புரண்டு, அப்படி வளர்ந்த மனிதர். நல்லவர்தான். கை நீட்ட மாட்டார், குடிக்க மாட்டார். இடத்தை விட்டு நகரச் சொன்னால் மட்டும் உடும்பாகிவிடுவார்.

மண் கிடைத்த விதம் அவருக்கு அதிர்ஷ்டமாகவே பட்டது. புதிதாக ஏதோ தொழிற்சாலை வருவதற்காக இடத்தை வழித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து வந்த லாரி மண் கருப்பாக, மெத்தென்று இருந்தது. உள்ளே சாம்பலும், ஓட்டுச் சில்லும், உடைந்த வளையல் துண்டும் கலந்து கிடந்தன. நம்பிராஜன் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“நத்தத்து மண்ணுட்டி! சனம் குடியிருந்த மண்ணு. நம்ம ஊர்ல இதுக்கு வெட்டுக்குத்தே நடக்கும்லா.”

உண்மைதான். அவர்கள் ஊர்ப் பக்கம், ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து கைவிட்ட மேட்டு மண்ணை வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டுபோய் வயலில் கொட்டுவார்கள். போட்டது இரட்டிப்பாக விளையும். வயலில் போடுகிற மண்ணை வீட்டுக்குள் போடலாமா என்று அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. வானம் பார்த்த பூமியில் பிறந்தவர்களுக்கு நல்ல மண் என்றால் நல்ல மண், அவ்வளவுதான். கூடத்திலும் அறையிலும் சமையலறையிலும் அதை நிரப்பி, தண்ணீர் விட்டு அமுக்கி, மேலே வெள்ளை டைல்ஸ் பதித்தார்கள்.

எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மாசி பிறந்தது, சுவிட்ச் இரண்டு விரற்கடை இறங்கியது.

மறுநாள் காலையில் அவள் கம்பெனி டேப்பை எடுத்து வந்து கூரைக்கும் தரைக்கும் நடுவே பிடித்துப் பார்த்தாள். மில்லிமீட்டர் தப்பினால் தூக்கி எறிகிற வேலை பார்க்கிறவள், அளவில் ஏமாற மாட்டாள். ஏழடிக்கு இரண்டங்குலம் குறைந்தது. மறுநாள் மூன்று. அதற்கு மறுநாள் நாலரை. தரை எங்கும் வெடிக்கவில்லை. டைல்ஸ் இடுக்கில் பூசிய வெள்ளைச் சிமெண்ட் கூட உதிரவில்லை. தரை அப்படியே, தட்டையாக, ஒரு சத்தமும் இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

மூன்று முறையும் தரை போட்ட கொத்தனார் சுடலைக்கண்ணு வந்து பார்த்தான். அவனும் திருநெல்வேலிப் பக்கத்து ஆள்தான், இவர்களுக்குத் தம்பி மாதிரி. பூச்சுக் கரண்டிக் காம்பால் ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே போனவன், பூஜாவின் அறையில் பாதியில் நிறுத்திவிட்டான். காதைத் தரையில் வைத்தான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான்.

“என்னல, என்ன கேக்கு?” என்றார் நம்பிராஜன்.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி.” எழுந்தவன் அவர் முகத்தைப் பார்க்காமல் இசக்கிசெல்வியிடம் சொன்னான். “மைனி, மண்ணு எறங்கும். எங்க தொழில்ல அத நெறையப் பாத்திருக்கேன். ஏறுத மண்ண நான் பாத்ததில்ல.”

“களி கலந்திருக்கும். ஈரத்தக் குடிச்சுப் பொம்முது. வெயில் வந்தா அமுங்கிரும்” என்றார் நம்பிராஜன்.

சுடலைக்கண்ணு காபியைக் கூடக் குடிக்கவில்லை. கரண்டியையும் மறந்து விட்டுவிட்டுப் போனான். போன் அடித்தால் எடுப்பதில்லை.

பேருந்து நிறுத்தத்தில் இட்லிக் கடை போட்டிருந்த கிளியம்மாள் உள்ளூர்க்காரி. இசக்கிசெல்வி அவளிடம்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னாள். பாதி சொல்லும்போதே கிளியம்மாள் கரண்டியை வைத்துவிட்டாள்.

“கருப்பு மண்ணா? வளையல் துண்டு கெடந்துச்சா?”

“ஆமாக்கா.”

“அது எங்க ஊரு மண்ணும்மா. எங்க வூட்டு மண்ணும் அதுல கீது.” அவள் குரலில் கோபம் இல்லை. “கம்பெனி வருதுன்னு காலி பண்ணச் சொன்னாங்க. நாங்க போமாட்டோம்னு குந்திகினு இருந்தோம். வேற எடம் குடுப்பாங்கன்னு சொன்னாங்க. பாதிப் பேருக்குத்தான் கெடச்சுது. மீதிப் பேரு எங்க போனாங்கன்னு இன்னிக்கி வரிக்கும் தெரியல. அந்த சனம் ஒருத்தரும் கண்ல படல.”

“இப்ப நான் என்னக்கா செய்யணும்?”

கிளியம்மாள் இட்லித் தட்டைத் திறந்தாள், ஆவி முகத்தில் அடித்தது. “இன்னா செய்றது? புள்ளய இட்டுகினு வூட்ட வுட்டுப் போயிடு. நாங்க போமாட்டோம்னு சொன்னோம் பாரு, அத மாரி சொல்லிகினு ஒக்காராத.”

அன்று பகல் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. இரவு ஷிப்ட்காரர்களுக்குப் பகல்தான் இரவு. ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கிவிட்டுப் பாயில் படுத்தாள். வெளியே உச்சி வெயில், கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகிற அதிர்வு, தூரத்தில் எங்கோ ஒரு பிரஸ் தொழிற்சாலையின் தம், தம் என்ற அடி, பக்கத்து அறையில் பூஜா பரீட்சைக்கு வாய்க்குள் முணுமுணுத்துப் படிக்கிற ஓசை. இவை எல்லாவற்றுக்கும் அடியில், தலையணைக்கும் கீழே, பாய்க்கும் கீழே, வேறொரு சத்தம் இருந்தது. நெல்லை ஊறவைத்த பானையில் காதை வைத்தால் கேட்குமே, மெல்ல மெல்ல நீரைக் குடித்து ஊதுகிற சத்தம், அது. அதோடு ஒரு வாசனையும் மேலே வந்தது. வரட்டி புகைகிற வாசனை, அதன் மேல் யாரோ கருவாடு சுடுகிற வாசனை. அன்று அவள் வீட்டில் ரசம் மட்டும்தான் வைத்திருந்தாள்.

எழுந்து உட்கார்ந்தாள். பயம் என்றால் இதுதான் என்று நாற்பது வயதில் அவளுக்குப் புதிதாகத் தெரிந்தது.

பீரோ முனகத் தொடங்கியபோது கூரை ஆறரை அடிக்கு வந்திருந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய இரும்பு பீரோ. தரை கீழிருந்து தள்ள, கூரை மேலிருந்து அழுத்த, அதன் தலைத் தகடு கொஞ்சம் கொஞ்சமாக நெளிந்தது. நம்பிராஜன் அதைப் படுக்க வைத்தார். முகத்தில் கவலையே இல்லை. பொருளைப் படுக்க வைத்துப் புழங்கிக்கொள்ளலாம் என்றார். கதவு தரையில் இடித்தது, அடியை ரம்பத்தால் அறுத்தார். அடுத்த வாரமும் அறுத்தார், நிலைக்கு மேலிருந்த சுவரை இடித்து நிலையைக் கூரையோடு ஒட்டி ஏற்றினார். முதுகு வலிக்கிறது என்று வேலைக்கு லீவு போட்டவர், மறுபடி போகவில்லை.

“போயிருவோம்ங்க. உங்க கால்ல விழுதேன்” என்றாள் அவள்.

“எங்க போக? நிமுந்து நின்னாத்தான் வீடா? உக்காந்தா எவ்ளோ எடம் கெடக்கு பாரு.”

அவர் உட்கார்ந்துகொண்டேதான் சொன்னார். அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். மூன்று நாளாக அவர் எழுந்து நின்று அவள் பார்க்கவில்லை. பூஜாவும் அப்படித்தான். தவழ்ந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் தவழ்ந்து திரும்பினாள். பதினேழு வயதுப் பெண், பள்ளிக்கூடத்தில் வாலிபால் ஆடியவள், அப்பாவை விட அரை அங்குலம் உயரம். அவள் முழங்காலில் கருப்பாகக் காய்ப்பு விழுந்திருந்தது.

“நிமுந்து நில்லுட்டி!” என்று இசக்கிசெல்வி கத்தினாள்.

பூஜா நிமிர்ந்து பார்த்தாள். “எதுக்கும்மா நிக்கணும்? நின்னா கால்தான் வலிக்குது.”

மறுநாள் காலையில் ஷிப்ட் முடிந்து வந்த கையோடு, புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மகளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். தெருமுனை வரைக்கும்தான். பூஜா முதுகை வளைத்தபடியே நடந்தாள், சாலைக்கு வந்ததும் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவ்வளவுதான். முகம் வெளுத்து, கண் செருகி, அப்படியே நடுரோட்டில் குந்திவிட்டாள். வாந்தி எடுத்தாள். இரண்டு கைகளாலும் தாரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“மேல ஒண்ணுமே இல்லம்மா! மேல ஒண்ணுமே இல்ல! என்னய உள்ள கூட்டிட்டுப் போ, விழுந்துருவேன்!”

கம்பெனிப் பேருந்துகள் ஹாரன் அடித்தன. யாரோ தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். பிள்ளைக்கு நல்ல டாக்டரைப் பாரும்மா என்றார்கள். ஒன்றும் செய்ய முடியாமல் அவள் மகளை மறுபடி அந்த வாசலுக்கே கொண்டுவந்து விட்டாள். பூஜா கைகளை ஊன்றி உள்ளே போன வேகத்தைப் பார்த்து அவளுக்கு அழுகை கூட வரவில்லை.

நாலரை அடி. நாலடி. சமையலைத் தரையில் உட்கார்ந்தே செய்தார்கள். குளியலறையில் மண் போடவில்லை என்பதால் அது மட்டும் பழைய ஆழத்தில் ஒரு கிணறு மாதிரி இருந்தது, அதில் இறங்கி நிமிர்ந்து நின்று இசக்கிசெல்வி சில நேரம் காரணமில்லாமல் அரைமணி நேரம் நிற்பாள். இரவில் தொழிற்சாலையில் நாற்பதடி உயரக் கூரைக்குக் கீழே வரிசை வரிசையாக வெள்ளை விளக்குகள் எரியும். அங்கே நின்றுகொண்டு ஒயர்களைச் சோதிக்கும்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அதற்காக அவள் வெட்கப்பட்டாள். பிள்ளை அங்கே கிடக்கும்போது தாய்க்கு இங்கே என்ன மூச்சு.

தண்டலத்து வீட்டுக்காரம்மா வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்றாள். வியாழக்கிழமை மதியம் இசக்கிசெல்வி போய்ச் சாவியை வாங்கிவிட்டாள். சனிக்கிழமை காலை சாமான் ஏற்ற ஒரு குட்டியானை வண்டிக்கும், பூஜாவுக்கு மயக்க ஊசி போட்டாவது கூட்டிப்போக, தெரிந்த ஒரு நர்ஸுக்கும் சொல்லி வைத்தாள். புருஷன் வராவிட்டால் போகிறார். பிள்ளையை மட்டும் எடுத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் அவள் மனதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை இரவு ஷிப்டுக்குக் கிளம்பும்போது மூன்றரை அடி இருந்தது. டேப்பில் பார்த்தாள். ஒரு நாளைக்கு இரண்டங்குலம். சனிக்கிழமைக்கு நேரம் இருக்கிறது.

ஆனால் வெள்ளி இரவு லைனில் ஒரு பழுது வந்தது, அடுத்த ஷிப்டில் பாதிப் பேர் வரவில்லை. யாரும் வெளியே போகக் கூடாது, ஞாயிறு காலை வரைக்கும் எல்லாருக்கும் ஓ.டி. என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வீட்டில் அவசரம் என்றாள். எல்லார் வீட்லயும்தான் அவசரம்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க என்றார் அவர். வண்டியையும் நர்ஸையும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினாள். சனிக்கிழமை மதியம், கேன்டீன் பின்புறம் நின்று வீட்டுக்குப் போன் செய்தாள்.

பூஜாதான் எடுத்தாள். குரல் ரொம்பப் பக்கத்தில் கேட்டது. வாயைப் போனில் ஒட்டவைத்துப் பேசுகிற மாதிரி.

“சாப்பிட்டியாட்டி?”

“சாப்ட்டோம்மா. கருவாடு.”

“கருவாடு யாரு வாங்குனா?”

யாரோ பக்கத்தில் இருமினார்கள். கிழட்டு இருமல்.

“யாருட்டி அது? அப்பாவா?”

“அப்பா தூங்குறாங்கம்மா.” பூஜா சிரித்த மாதிரி இருந்தது. “நீ எப்ப வருவ? நல்லா இருக்கும்மா. நெருக்கமா இருக்கு.”

போன் அணைந்தது. மறுபடி அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். கேட்டில் போய் அழுதாள், செக்யூரிட்டி விடவில்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்குத்தான் கதவைத் திறந்தார்கள்.

கம்பெனிப் பேருந்துக்கும் நர்ஸுக்கும் காத்திராமல் அவள் குட்டியானையைக் கேட்டுக்கே வரச் சொல்லி அதிலேயே ஏறி வந்தாள். வண்டிக்காரன் வீட்டு வாசலில் நிறுத்தினான். வெயில் ஏறியிருந்தது. எதிர்வீட்டில் கோலம் போட்டு முடித்திருந்தார்கள், டிவியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அவள் வீடு எப்போதும் போலத்தான் இருந்தது, அதே நீல வண்ணம், அதே செருப்புகள்.

கதவு மட்டும் இல்லை. அறுத்து அறுத்து மிஞ்சிய பலகை தரையில் கிடந்தது. நிலைக்குள் மண் நின்றது.

சுவர் மாதிரி, செங்குத்தாக, ஒரு பிடி கூடச் சரியாமல் கருப்பு மண். அதில் சாம்பல் வரிகள், ஓட்டுச் சில்லுகள், பாதியில் வெட்டுப்பட்ட ஒரு மண்சட்டி. அதன் உச்சியில் வெள்ளை டைல்ஸின் விளிம்பு. அதற்கும் நிலையின் மேல் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தது. ஒரு சாண். அதற்கு மேல் இல்லை.

உள்ளே விளக்கு எரிந்தது.

“இன்னாக்கா இது? சாமான் எங்கக்கா?” என்றான் வண்டிக்காரன்.

அவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் மண்ணில் காலை வைத்து ஏறி, அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தை இடைவெளிக்குக் கொண்டுபோனாள். நேராகப் போகவில்லை. தலையைப் பக்கவாட்டில் சாய்த்தாள். கன்னம் டைல்ஸில் பட்டது. சூடாக இருந்தது. ஆள் படுத்து எழுந்த பாய் மாதிரி சூடு.

வரட்டிப் புகை. கருவாடு. வியர்வை.

பூஜா இரண்டடி தூரத்தில் படுத்திருந்தாள். கன்னம் தரையில். இன்னொரு கன்னத்தைக் கூரை தொட்டுக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் அந்தக் கண் மலர்ந்தது.

“வந்துட்டியாம்மா.”

“பூஜா. கையக் குடு. கையக் குடுட்டி என் தங்கம்.”

கை வந்தது. பிடித்தாள். மெலிந்த, சூடான, உயிருள்ள கை. தன் பலம் மொத்தத்தையும் கூட்டி இழுத்தாள். முழங்கை வரை வந்தது. தோள் வரவில்லை. இன்னும் இழுத்தாள். ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. நிறுத்தினாள்.

“வலிக்கலம்மா” என்றாள் பூஜா. “நீ இழுக்காத. நீ வா.”

அவளுக்கு அந்தப் பக்கம் நம்பிராஜன். அவரும் அப்படியே, கன்னம் தரையில். சிரித்தார். அந்த வீட்டைக் கட்டி முடித்த நாளில் சிரித்த சிரிப்பு.

“ஏட்டி செல்வி. ஒருக்களிச்சுப் படுத்தா எல்லாத்துக்கும் எடம் இருக்கு பாத்தியா?”

எல்லாத்துக்கும்.

அவள் பார்வை அவரைத் தாண்டிப் போனது. கூடம் பன்னிரண்டடிதான். அங்கே சுவர் இருக்க வேண்டும். இல்லை. விளக்கு வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது, தரையும் கூரையும் ஒரு சாண் இடைவெளியில் போய்க்கொண்டே இருந்தன, அந்த இடைவெளி முழுக்க, வரிசை வரிசையாக, தலைகள். கன்னம் தரையில் வைத்த தலைகள். நரைத்தவை. எண்ணெய் தடவிச் சீவியவை. கைக்குழந்தை ஒன்றின் உச்சந்தலை. தூரத்தில் ஒருத்தி படுத்தபடியே அடுப்பை ஊதினாள், சாம்பல் பறந்தது. எல்லாக் கண்களும் வாசலைப் பார்த்தன. அவற்றில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கூட்டமான பேருந்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள், நிற்கிற பொம்பளையைப் பார்க்கிற பார்வை.

“அக்கா! இறங்குக்கா! அக்கா!” வண்டிக்காரன் அவள் காலைப் பிடித்து இழுத்தான். அவள் காலை உதறினாள். செருப்பு அவன் கையோடு போனது.

பிள்ளையின் கை அவள் கைக்குள் இருந்தது. விட்டால் அவ்வளவுதான். விட முடியவில்லை. தோளை நுழைத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம். மூச்சை வெளியே விட்டால் நெஞ்சு போகும்.

மூச்சை வெளியே விட்டாள்.

அப்போது அந்த வரிசையின் கடைசியில், வெளிச்சம் எட்டாத இடத்தில், யாரோ அசைந்தார்கள். அடுத்தவர் அசைந்தார். அதற்கு அடுத்தவர். துணி தரையில் உரசுகிற சத்தம் இருட்டிலிருந்து வாசலை நோக்கி வந்தது. ஒவ்வொரு தலையாக, ஒவ்வொரு முதுகாக, அத்தனை பேரும் ஒரு முழம் உள்ளே நகர்ந்து படுத்தார்கள். கடைசியில் நம்பிராஜனும் நகர்ந்தார், பூஜாவுக்கும் அவருக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு வெள்ளைத் தரை தெரிந்தது.